கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஓடும் இன்ஸ்டால் கட்டளை

குன்னூர்ல இருந்து பேசுறேன். காலையில இருந்து மழை, கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கு. நடுவுல இன்வெர்ட்டர் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன எபிசோட் முடிவில் ஒரு கேள்வி வந்திருந்தது. "அண்ணா, என் லேப்டாப்ல என்பிஎம் இன்ஸ்டால் போட்டா ஓடுது, சிஐ-ல அதே கட்டளை போட்டா வேற மாதிரி நடந்துக்குது, ஏன்?" சின்னக் கேள்விதான். ஆனா இதுக்குப் பின்னால இருபத்தஞ்சு வருஷக் கதை இருக்கு. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். முதல்ல நான் அடிபட்ட சம்பவம்.

அரைக் கிலோ

2019. இங்கே பக்கத்துல ஒரு பாட் லீஃப் ஃபேக்டரிக்கு நான் ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். வெளியூர்க் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பெரிய எஸ்டேட்டுகள் தவிர, ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஃபேக்டரி கிடையாது. பறித்த பச்சைத் தேயிலையை ஏஜென்ட் வந்து எடை போட்டு, சீட்டு கொடுத்து, ஃபேக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். பணம் மாதக் கணக்கில் வரும். அந்தச் சீட்டு போடும் செயலிதான் நான் செய்தது. எடையை ஏற்றினால், மழைநாள் ஈரத்துக்கான கழிவைக் கழித்து, நிகர எடையைச் சீட்டில் காட்டும்.

ஒரு நாள் ஒரு பெரியவர் ஏஜென்ட்டோடு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பழைய நோட்டு. "தம்பி, என் நோட்டுல 48.5 இருக்கு. உங்க சீட்டுல 48 இருக்கு. மூணு நாளா இப்படித்தான் வருது. நான் ஒரு ஆளுன்னா பரவாயில்ல, எங்க ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

நான் லேப்டாப்பைத் திறந்து அதே எண்ணைப் போட்டேன். 48.5 என்றுதான் வந்தது. "ஐயா, சரியாத்தானே காட்டுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டை எடுத்து என் லேப்டாப் பக்கத்தில் வைத்தார். 48.

அன்று ராத்திரி முழுக்கத் தேடினேன். என் குறிநிரலில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது எண்ணை முழுமையாக்கிக் காட்டும் ஒரு சின்ன லைப்ரரி. என் லேப்டாப்பில் சில மாதங்களுக்கு முன் இன்ஸ்டால் ஆன பழைய பதிப்பு இருந்தது. சர்வருக்குப் போவதை உருவாக்குவது சிஐ இயந்திரம். அது ஒவ்வொரு முறையும் வெறும் இயந்திரமாக ஆரம்பித்து, எல்லாவற்றையும் புதிதாக இறக்கிக்கொள்ளும். அந்த வாரம் லைப்ரரியின் புதிய பதிப்பு வந்திருந்தது. அதில் தசமத்துக்கான இயல்பு அமைப்பு மாறியிருந்தது. என் டெஸ்ட்டுகள் எல்லாம் பாஸ். ஏனென்றால் டெஸ்ட்டில் நான் கொடுத்திருந்தது 40, 50, 60 என்று முழுக் கிலோக்கள்.

லாக் ஃபைல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அடிக்கடி மெர்ஜ் தகராறு வருகிறதென்று அதை நானே கிட்டில் ஏறாமல் விலக்கி வைத்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. மாதக் கணக்கு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டதால் யாருக்கும் பணம் குறையவில்லை. ஆனால் பச்சைத் தேயிலை விலைக்காக வருஷக்கணக்காகப் போராடுகிற மக்கள் அவர்கள். எடையில் கைவைத்துவிட்டார்கள் என்று ஒரு தடவை பேச்சு கிளம்பினால், அதை எந்தத் திருத்தமும் முழுசாக அழிக்காது.

அந்தப் பெரியவர் தன் நோட்டில் என்ன இறங்கியது, எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தார். என் சிஐ அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட கட்டளைகள்

இன்ஸ்டால் கட்டளை என்பது முதலில் ஒரு மனிதன் திரை முன்னால் உட்கார்ந்து போடுவதற்காகவே செய்யப்பட்டது. அதனால் அது கேள்வி கேட்கும். 1990-களில் பெர்ல் மொழிக்குச் சிபான் என்ற பொதுக் களஞ்சியம் வந்தது. அதிலிருந்து ஒரு தொகுப்பை நிறுவினால், "இது வேணுமா? அது எங்கே இருக்கு?" என்று நடுநடுவே விசாரிக்கும். எண்டர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

1998-ல் சிபான் டெஸ்டர்ஸ் என்று ஒரு முயற்சி தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள், களஞ்சியத்துக்கு வரும் தொகுப்புகளைத் தங்கள் இயந்திரங்களில் நிறுவிப் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார்கள். கொஞ்ச காலத்தில் அதைத் தானாக ஓடவிட்டார்கள். உடனே பிரச்சினை வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டளை கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? அதற்காகச் சூழல் மாறிகள் வந்தன. ஒன்று, "கேட்காதே, இயல்பு விடையை எடுத்துக்கொள்" என்று சொல்லும். இன்னொன்று, "இது தானியங்கிச் சோதனை" என்று அறிவிக்கும். இன்று எல்லா சிஐ-யிலும் இருக்கிற அறிவிப்புக்கு இதை முன்னோடி என்றே சொல்லலாம்.

டெபியன் லினக்ஸிலும் இதே கதை. அங்கே கேள்வி மூன்று இடத்திலிருந்து வரும். பலர் குழம்புவது இங்கேதான். ஒன்று, ஏபிடி கேட்பது: "இத்தனை எம்பி இறக்கணும், தொடரலாமா?" மைனஸ் ஒய் என்று போட்டால் இதற்கு ஆமாம் சொன்ன மாதிரி. ரெண்டாவது, டெப்கான்ஃப் என்ற பகுதி கேட்பது. தொகுப்புக்குத் தேவையான அமைப்பு விவரங்களைக் கேட்கும். இதற்கு மைனஸ் ஒய் பதில் ஆகாது. டெபியன் ஃப்ரன்ட்எண்ட் என்ற சூழல் மாறியை நான்இன்டராக்டிவ் என்று வைக்க வேண்டும். மூன்றாவது, டிபிகேஜி கேட்பது: "இந்த அமைப்புக் கோப்பை நீங்க திருத்தியிருக்கீங்க. உங்களுடையதை வெச்சுக்கவா, புதுசைப் போடவா?" முதல் ரெண்டும் இதைத் தடுக்காது. இதற்குத் தனி விருப்பம் கொடுக்க வேண்டும்.

உபுண்டு 18.04-க்குப் பிறகு டாக்கர் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். பில்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். திரும்பி வந்தால் அது அப்படியே நிற்கும். டிஇசட்டேட்டா என்ற நேரமண்டலத் தொகுப்பு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்: "நீங்க எந்தக் கண்டம்? ஆப்பிரிக்காவா, அமெரிக்காவா, ஆசியாவா?" நீங்கள் கேட்டது வேறு ஏதோ ஒரு தொகுப்பு. அதற்குத் துணையாக இது வந்திருக்கும். கேள்வியைப் படிக்க அங்கே ஆள் இல்லை. நேர வரம்பு தாண்டி பில்ட் சாகும்.

நின்றுபோகிற பில்ட் தொல்லைதான், ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு. நின்றது கண்ணுக்குத் தெரியும். கேள்வி கேட்காமல் தானாக ஒன்றை ஊகித்து முடித்துவிட்டு, பச்சை விளக்கு காட்டுவது அதைவிட மோசம். என் அரைக் கிலோ போனது அப்படித்தான்.

தினமும் புதிதாகப் பிறக்கும் இயந்திரம்

தொடர் ஒருங்கிணைப்பு, அதாவது கண்டினியூஸ் இன்டக்ரேஷன் என்ற பேச்சு 1990-களில் கிரேடி பூச் எழுத்திலேயே வருகிறது. கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் அதை வழக்கமாக்கியது. 2000-ல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. 2001-ல் தாட்வொர்க்ஸிலிருந்து குரூஸ்கன்ட்ரோல் வந்தது. பிறகு சன் நிறுவனத்தில் இருந்த கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற கருவியைச் செய்தார். 2011-ல் பெயர்த் தகராறில் அது ஜென்கின்ஸ் ஆனது.

இந்தக் காலத்து சிஐ என்பது பெரும்பாலும் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் தேவையானதை ஒரு ஆள் ஒரு முறை நிறுவி வைத்திருப்பார். வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். அதில் என்ன பதிப்பு இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் சிக்கல். ஆனால் இன்ஸ்டால் கட்டளை அபூர்வமாகத்தான் ஓடும், ஓடும்போது பக்கத்தில் ஆள் இருப்பார்.

2011-ல் டிராவிஸ் சிஐ வந்தது. 2013-ல் டாக்கர். இங்கேதான் திருப்பம். இனிமேல் ஒவ்வொரு பில்டுக்கும் சுத்தமான, காலியான இயந்திரம். வேலை முடிந்ததும் அழிந்துவிடும். பழைய குப்பை மிஞ்சாது என்பது பெரிய லாபம். ஆனால் இன்ஸ்டால் கட்டளையின் நிலைமை தலைகீழானது. வருஷத்துக்கு ஒரு தடவை ஓடியது, ஒரு நாளைக்கு நூறு தடவை ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் இணையத்தில் எங்கோ இருக்கிற களஞ்சியத்திடம் போய், "இப்போ என்ன இருக்கு?" என்று கேட்டது. "இப்போ" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நாளும் வேறு விடை.

அந்தக் களஞ்சியம் இடம் மாறினாலும் அதே கதிதான். 2019 மார்ச்சில் டெபியன் ஜெஸ்ஸியின் அப்டேட்ஸ் பகுதி வழக்கமான கண்ணாடித் தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. பல டாக்கர் பில்டுகள் ஏபிடி-கெட் அப்டேட் வரியிலேயே 404 காட்டி விழுந்தன. யாரும் குறிநிரலைத் தொடவில்லை. மலைப்பாதையில் மண்சரிவு வந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் இங்கே கடையில் காய்கறி இருக்காது, சமையல்காரர் மேல் தப்பில்லை. அப்படி.

"ஏறக்குறைய இதே பதிப்பு"

சரி, பதிப்பு எப்படி நழுவியது? என்பிஎம்-இல் ஒரு லைப்ரரியைச் சேர்த்தால், பேக்கேஜ் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரை மாதிரி ஒரு குறி விழும். கேரட் குறி. "1.4.0 அல்லது அதற்கு மேல், ஆனால் 2-க்குள்" என்று அர்த்தம். செமாண்டிக் வெர்ஷனிங் என்ற ஒப்பந்தத்தை நம்பி இது நடக்கிறது. முதல் எண் மாறாதவரை பழையது எதுவும் உடையாது என்பது அந்த ஒப்பந்தம். எழுதுபவர் நல்லவர்தான், ஆனால் எது உடையும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தசமம் இயல்பில் காட்டுவதா வேண்டாமா என்பது அவருக்குச் சின்ன விஷயம். என் பெரியவருக்கு அரைக் கிலோ.

இதற்குத் தீர்வை ரூபி உலகம் முன்பே கண்டுபிடித்தது. 2010-ல் பண்ட்லர் 1.0 வந்தபோது ஜெம்ஃபைலோடு ஒரு லாக் ஃபைலும் இருந்தது. முதலாவது நீங்கள் விரும்பியது. ரெண்டாவது உண்மையில் கிடைத்தது, துணைத் தொகுப்புகள் உட்பட. சர்வருக்கென்றே டிப்ளாய்மென்ட் என்று ஒரு விருப்பம் வைத்தார்கள். அதைக் கொடுத்தால், லாக் ஃபைல் இல்லையென்றாலோ பொருந்தவில்லையென்றாலோ கட்டளை மறுத்துவிடும். மனிதனுக்கு ஒரு நடத்தை, இயந்திரத்துக்கு ஒரு நடத்தை என்று பிரித்தது இந்த இடம்.

2010-லேயே பிறந்த என்பிஎம் அந்த வழியில் வர ரொம்ப நாளானது. ஷ்ரிங்க்ராப் என்ற கட்டளை 2012-லிருந்து இருந்தது, நீங்களாகப் போய்க் கேட்டால் மட்டும்.

2016 மார்ச் 22. லெஃப்ட்-பேட் சம்பவம். அசர் கோச்சுலு என்ற நிரலாளர், ஒரு தொகுப்பின் பெயர் தொடர்பான தகராறில் கோபப்பட்டுத் தன் தொகுப்புகளை எல்லாம் என்பிஎம்-இலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று, எழுத்துச்சரத்துக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரி நிரல். பேபல் மாதிரிப் பெரிய கருவிகள் வழியாக அது எங்கெங்கோ போய் உட்கார்ந்திருந்தது. உலகம் முழுக்க பில்டுகள் விழுந்தன. ஏற்கனவே இறக்கி வைத்திருந்த லேப்டாப்புகளில் வேலை ஓடியது. ஒவ்வொரு தடவையும் காலியாக ஆரம்பிக்கிற சிஐ இயந்திரங்கள் தப்பிக்க வழியே இல்லை. சுமார் இரண்டரை மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது. இதில் ஒன்றைக் கவனிக்கணும். லாக் ஃபைல் இருந்தாலும் அன்று உதவியிருக்காது. பதிப்பு எண் தெரியும், பொருள் கடையில் இல்லை. கையில் ஒரு நகல் வைத்திருந்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் ஃபேஸ்புக், கூகுள் பொறியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து யார்ன் வெளியிட்டார்கள். அதை ஏன் செய்தோம் என்று அவர்கள் எழுதிய காரணங்களில் முக்கியமானது சிஐதான். ஃபேஸ்புக்கின் சிஐ இயந்திரங்களுக்குப் பாதுகாப்புக்காக இணைய இணைப்பே கிடையாது. அங்கே என்பிஎம் இன்ஸ்டால் வேலைக்கே ஆகவில்லை. இறக்கிய தொகுப்புகளை எல்லாம் களஞ்சியத்திலேயே ஏற்றிப் பார்த்தார்கள். பேபலில் ஒரு சின்னப் பதிப்பு மாற்றம் எட்டு லட்சம் வரி கமிட் ஆனது. அதை யார் படித்துச் சரிபார்ப்பது? அந்த அலுப்பில் பிறந்ததுதான் யார்ன். லாக் ஃபைல் இயல்பாகவே வந்தது, இணையம் இல்லாமல் நகலிலிருந்து நிறுவவும் வழி இருந்தது.

2017 மே மாதம் என்பிஎம் 5 வந்தது, பேக்கேஜ்-லாக் கோப்போடு. நிம்மதி என்று நினைத்தோம். ஆனால் ரெண்டு கோப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் என்பிஎம் இன்ஸ்டால் என்ன செய்யும்? தானே லாக் ஃபைலைத் திருத்திக்கொண்டு போய்விடும். மேசை முன்னால் இருக்கிறவனுக்கு அது உதவி. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் லாக் ஃபைல் தானாக மாறத்தானே வேண்டும்? சிஐ-யில் அதே உதவி வினையாகும். திருத்திய லாக் ஃபைல் இயந்திரத்தோடு அழிந்துவிடும், என்ன திருத்தியது என்ற சாட்சியே இருக்காது.

2018 மார்ச்சில் என்பிஎம் சிஐ என்ற தனிக் கட்டளையை அறிவித்தார்கள். சிஐ என்பதை க்ளீன் இன்ஸ்டால் என்று விரிக்கிறது அதன் ஆவணம். நாம் கண்டினியூஸ் இன்டக்ரேஷன் என்று படித்தாலும் தப்பில்லை. அதன் விதிகள் கறார். லாக் ஃபைல் இல்லையா, ஓடமாட்டேன். ரெண்டு கோப்பும் பொருந்தவில்லையா, பிழை காட்டி நிற்பேன். ஏற்கனவே நோட்-மாட்யூல்ஸ் அடைவு இருக்கா, முதலில் அழிப்பேன். இந்த ரெண்டு கோப்பிலும் எழுதமாட்டேன். (அதனால், சிஐ-யில் வேகத்துக்காக நோட்-மாட்யூல்ஸை கேஷ் செய்து பிரயோஜனமில்லை. என்பிஎம்-இன் சொந்த கேஷ் அடைவைத்தான் வைக்க வேண்டும்.)

2019-ல் என் அரைக் கிலோ காணாமல் போனபோது, இந்தக் கட்டளை வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. எனக்குத் தெரியாது.

தமிழ் எழுத்து தடுக்கிய இடம்

பைத்தான் பக்கம் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருந்தது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்த ஓப்பன்-தமிழ் லைப்ரரியை நம் கேட்பவர்களில் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகவே பிரித்துக் கையாளுவதற்கானது. பைத்தான் 2, பைத்தான் 3 ரெண்டிலும் ஓட வேண்டிய காலத்தில் வளர்ந்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்கு சிஐ ரொம்ப முக்கியம். ரெண்டு பைத்தானும் யூனிகோடை நடத்தும் விதமே வேறு. ஒவ்வொன்றிலும் நிறுவி ஓட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இப்போது பொதுவான சிக்கலுக்கு வர்றேன். ஒரு பைத்தான் தொகுப்பை நிறுவும்போது செட்டப் கோப்பு ஓடும். பலர் அதில் ரீட்மீ கோப்பைத் திறந்து விளக்கமாக எடுத்துக்கொள்வார்கள். ரீட்மீயில் ஒரு வரி தமிழ் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் லேப்டாப்பில் மொழி அமைப்பு யூடிஎஃப்-8. நன்றாக ஓடும். சிஐ-யில் வரும் வெறும் கன்டெய்னரில் மொழி அமைப்பே கிடையாது. பைத்தான் 3.6 வரை, அப்படியிருந்தால் ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். முதல் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் "ஆஸ்கி கோடெக்கால் படிக்க முடியவில்லை" என்று பிப் இன்ஸ்டால் விழும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இந்தப் பிழை வாழ்நாளில் வராது. நமக்கு முதல் நாளே வரும்.

லேங் என்ற சூழல் மாறியை யூடிஎஃப்-8 ஆக வைப்பது ஒரு வழி. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தைச் சொல்லிவிடுவது இன்னும் நல்ல வழி. 2018-ல் வந்த பைத்தான் 3.7, மொழி அமைப்பு இல்லாத இடத்தில் தானாக யூடிஎஃப்-8-க்கு மாறிக்கொண்டது. பழைய பதிப்பில் இன்னும் ஓடும் பில்டுகளில் அந்தப் பிழை அப்படியே இருக்கும்.

கட்டளையே இடம் பார்க்கத் தொடங்கியது

இதுவரை, "இது சிஐ, ஜாக்கிரதை" என்று நாம்தான் கட்டளைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கட்டளைகளே பார்க்கத் தொடங்கின. டிராவிஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் எல்லாம் சிஐ என்ற பெயரில் ஒரு சூழல் மாறியை ட்ரூ என்று வைக்கின்றன. பிஎன்பிஎம் அதைப் பார்த்தால், லாக் ஃபைல் பொருந்தாதபோது திருத்தாமல் பிழை காட்டும். 2021-ல் வந்த யார்ன் 3-உம் அப்படியே. பழைய யார்ன் 1-இல் ஃப்ரோசன் லாக்ஃபைல் என்று நாமே எழுத வேண்டும், மறந்தால் அது பேசாமல் போய்விடும்.

ஏபிடி குடும்பம் இதை வேறு விதமாகச் செய்தது. 2014-ல் ஏபிடி என்ற புதுக் கட்டளை வந்தது, வண்ணம், முன்னேற்றப் பட்டை எல்லாம் மனிதர்களுக்காக. ஸ்கிரிப்டுக்குள் அதைப் போட்டால், "என் வெளியீடு மாறக்கூடும், ஸ்கிரிப்டில் கவனமாகப் பயன்படுத்து" என்று எச்சரிக்கும். ஸ்கிரிப்டுக்குப் பழைய ஏபிடி-கெட்.

கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கான விடை இதுதான். ரெண்டு இடத்திலும் எழுத்து ஒன்றுதான். ஆனால் கட்டளை, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கிறது: முன்னால் திரை இருக்கா, சிஐ மாறி இருக்கா, லாக் ஃபைல் இருக்கா, பழைய நகல் இருக்கா, மொழி என்ன. நாலஞ்சு விடையும் உங்கள் லேப்டாப்பில் ஒன்று, அங்கே வேறொன்று.

பூட்டுக்கு இன்னொரு பக்கம்

லாக் ஃபைல் போட்டால் எல்லாம் முடிந்ததா? இங்கே நம்ம ஊர் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். பழைய தோட்டங்களில் விதையிலிருந்து வந்த செடிகள். பக்கத்துப் பக்கத்துச் செடியே ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. பிறகு குளோன் நாற்று வந்தது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையோடு துண்டு வெட்டி வேர் பிடிக்க வைப்பது. உபாசி-3, உபாசி-9 என்று எண்ணோடுதான் பேர். எல்லாச் செடியும் அச்சடித்த மாதிரி. விளைச்சலைக் கணக்குப் போடலாம். ஆனால் அந்த ரகத்துக்கு ஒரு நோய் ஆகாது என்றால், தோட்டம் முழுக்க ஒரே நாளில் ஆகாது.

லாக் ஃபைலும் அப்படித்தான். நல்லதைப் பூட்டுவது போலவே ஓட்டையையும் பூட்டும். மூன்று வருஷம் தொடாமல் விட்டால் மூன்று வருஷப் பழைய பாதுகாப்புக் குறைகள் அப்படியே உள்ளே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். 2018 ஜூலை 12 அன்று ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்ற தொகுப்பின் 3.7.2 பதிப்பாகத் திருடர்கள் ஒன்றை ஏற்றினார்கள். நிறுவும்போதே தானாக ஓடும் ஸ்கிரிப்ட் மூலம் அந்த இயந்திரத்திலிருந்த என்பிஎம் டோக்கனைத் திருடும். கேரட் குறியை நம்பியிருந்த பில்டுகள் அதைத் தாங்களாகவே இழுத்துக்கொண்டன. 2021-ல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார். நிறுவனங்கள் உள்ளே மட்டும் வைத்திருக்கும் தொகுப்புகளின் பெயரிலேயே, பெரிய பதிப்பு எண்ணோடு பொதுக் களஞ்சியத்தில் ஒன்றை வைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற இடங்களின் இயந்திரங்கள்கூட பெரிய எண்ணைப் பார்த்து வெளியிலிருந்து எடுத்துக்கொண்டன. 2025 செப்டம்பரில் ஷாய்-ஹுலுட் என்ற புழு நூற்றுக்கணக்கான என்பிஎம் தொகுப்புகளில் பரவியது. அதுவும் நிறுவும் ஸ்கிரிப்ட் வழியாகத்தான். சிஐ இயந்திரத்தில் சர்வர் சாவி, டோக்கன் எல்லாம் இருக்கும் என்பது திருடனுக்குத் தெரியும்.

அதனால் இப்போது கட்டளைகள் இன்னும் கறாராகின்றன. 2025 தொடக்கத்தில் வந்த பிஎன்பிஎம் 10, துணைத் தொகுப்புகளின் நிறுவும் ஸ்கிரிப்டுகளை இயல்பாக ஓடவிடுவதில்லை. வெளியாகிச் சில நாளாவது ஆகாத பதிப்பை எடுக்காதே என்று சொல்லவும் வழி வந்திருக்கிறது.

நோட்டு

முடிக்கிறதுக்கு முன்னால, நான் இப்போ என்ன செய்றேன்னு சொல்லிடுறேன். லாக் ஃபைல் கிட்டில் இருக்கும். சிஐ-யில் என்பிஎம் சிஐ மட்டும்தான். பிப் என்றால் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஹாஷ் எழுதிய பட்டியல். ஏபிடி-கெட் என்றால் மைனஸ் ஒய்-யோடு நான்இன்டராக்டிவும் சேர்த்து. மாதம் ஒரு நாள் ஒதுக்கி, லாக் ஃபைலை நானே திறந்து, பதிப்புகளை ஏற்றி, என்ன மாறியது என்று படித்துப் பார்த்துப் பிறகுதான் உள்ளே விடுவேன். தேயிலையைக் கவாத்து வெட்டுற மாதிரி, மறக்காம காலத்துக்குச் செய்யணும். டெஸ்ட்டில் முதல் எண் இப்போது 48.5.

அந்தப் பெரியவரைப் போன மாசம் சந்தையில் பார்த்தேன். "தம்பி, சீட்டு சரியா வருது" என்றார். "அப்போ இன்னும் நோட்டுல எழுதுறீங்களா ஐயா?" என்று கேட்டேன். "எழுதாம?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த எபிசோட்ல இதோட தொடர்ச்சியா, இணையம் விட்டு விட்டு வர்ற இடத்துல தொகுப்புகளுக்குச் சொந்தமா ஒரு நகல் களஞ்சியம் வைக்கிறது எப்படின்னு பேசலாம். உங்க பில்ட் எங்கே, எப்படி விழுந்ததுன்னு எழுதி அனுப்புங்க.